சொத்தாக மாறும் இலஞ்சம்: வளர்முக நாடுகளின் கம்பனிக் கணக்குகள் பற்றி ஒரு நோக்கு

வளர்முக நாடுகளின் பொருளாதார நோய்களுக்கு அண்மைக்காலமாக ஒரு மருந்து விதந்துரைக்கப்பட்டு வருகின்றது. சர்வதேச நிதியறிக்கை நியமங்களை ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். உலகப் புகழ்பெற்ற கணக்காய்வு நிறுவனங்களைக் கொண்டு கம்பனிகளின் கணக்குகளைப் பரிசோதித்தல் வேண்டும். பணிப்பாளர் சபைகளிலே சுதந்திரப் பணிப்பாளர்களை அமர்த்துதல் வேண்டும். இவை நிறைவேறின் ஊழல் படிப்படியாக அற்றுப்போகும் என்பதே அது. கடன் வழங்கும் சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகள் தொடக்கம் உயர்தர வகுப்பு மாணவனின் கணக்கீட்டுக் கொப்பி வரை இவ்வுபதேசமே ஓதப்படுகின்றது. ஆயின், மருந்தை எழுதிக் கொடுப்போர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்கள்தாமா என்பது ஐயத்துக்குரியது.

இவ்வுபதேசத்தின் அடியிலே ஒரு படிமம் உண்டு. ஊழல் என்பது இருட்டறையிற் கடித உறைக்குள் வைத்துக் கைமாறும் பணம். கணக்கு என்பது அவ்விருட்டின்மீது பாய்ச்சப்படும் ஒளி. ஒன்று வளர மற்றது தேயும் என்பதே அப்படிமம். கேட்பதற்கு இனிய இது உண்மைக்குப் புறம்பானது. இன்றைய பெருங் கம்பனிகளுக்குள் இலஞ்சம் பின்கதவால் நுழைவதில்லை. அது விலைப்பட்டியலுடன் முன்கதவால் வருகின்றது. வவுச்சர் இலக்கம் பெறுகின்றது. பேரேட்டிலே கௌரவமான ஒரு பெயரிற் பதியப்படுகின்றது. ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வுங் கணிக்கப்பட்டு, கணக்காய்வாளரின் கையொப்பத்துடன் பங்குதாரரின் கைக்குச் சேர்கின்றது. ஊழல் கணக்கை அழிப்பதில்லை, கணக்கினுள்ளே குடியிருக்கின்றது. இதனை விளங்கிக்கொள்ளாதவரை எத்தனை நியமங்களை இறக்குமதி செய்தாலும் பயன் விளையப் போவதில்லை.

எங்ஙனம் குடியிருக்கின்றது என்பதை அறிவதற்குக் கணக்கியலின் அரிச்சுவடிக்குத் திரும்புதல் தகும். லூக்கா பச்சியோலி என்ற இத்தாலியத் துறவி 1494இல் வெனிஸ் நகரிலே அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இன்றும் உலகெங்கும் நிலவுகின்றது. காசு வெளியேறினால் காசுக் கணக்கிற் செலவு வைக்கப்படும். அதற்கு ஈடாக வேறொரு கணக்கில் வரவு வைக்கப்பட்டே ஆதல் வேண்டும். இலஞ்சம் கொடுப்போனுக்குச் சங்கடம் தொடங்குவது இவ்விடத்திலேதான். 'இலஞ்சக் கணக்கு' என்றொரு தலைப்பை எந்தக் கம்பனியும் தன் பேரேட்டில் எழுதிவைத்ததில்லை. எனவே, வெளியேறிய காசுக்கு ஒரு பெயர் தேடவேண்டியுள்ளது. ஆலோசனைக் கட்டணம், தரகு, விற்பனை மேம்பாடு என்றெல்லாம் செலவினமாக எழுதலாம். ஆனால், செலவினமாக எழுதினால் அவ்வாண்டின் இலாபம் குறையும். சென்ற ஆண்டுத் தொகையுடன் ஒப்பிடும் ஒருவர் காரணம் வினவவுங்கூடும். இதனினும் பாதுகாப்பான வழி ஒன்றுண்டு. கட்டப்படும் ஆலையின் கிரயத்தோடு இலஞ்சத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் இலாபத்துக்கு ஊறு நேராது, ஐந்தொகையோ பருக்கும். களவு போன பணமே கம்பனியின் செல்வமாகக் காட்சியளிக்கும். இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பெறுமானத் தேய்வு என்ற பெயரிற் சிறுகச் சிறுக அது கரையும்போது, கொடுத்தவனும் வாங்கியவனும் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருப்பர்.

இது கற்பனையன்று. பிரேசில் நாட்டு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலுள்ள எண்ணெய்க் கம்பனியான பெற்றோபிராஸில் நிகழ்ந்தது இதுவே. அக்கம்பனியிலே மேற்கூறிய மருந்துகளுள் எதற்கும் குறைவிருக்கவில்லை என்பதை முதலிற் கருத்திற் கொள்ளல் வேண்டும். சர்வதேச நியமங்களின்படியே கணக்குகள் தயாரிக்கப்பட்டன. உலகின் முதல்தரக் கணக்காய்வு நிறுவனங்களே அவற்றைப் பரிசோதித்தன. பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தையிலே வியாபாரமாகியமையால், 2002இல் அமெரிக்கா இயற்றிய கடுமையான கம்பனிக் கணக்குச் சட்டமும் அதனைக் கட்டுப்படுத்திற்று. இவை யாவும் இருக்கத்தக்கதாகவே, கட்டட ஒப்பந்தக் கம்பனிகள் தமக்குள் ஒரு கூட்டமைத்து, ஒப்பந்தங்களை முற்கூட்டியே பங்கிட்டுக்கொண்டு, விலையை உயர்த்தி, உயர்த்திய விலையில் ஒரு பகுதியைப் பணிப்பாளர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் கட்சிகளுக்கும் கொடுத்துவந்தன. பெற்றோபிராஸ் அவ்விலையைச் செலுத்தியது. செலுத்திய விலையை ஆலையின் கிரயமாகப் பதிந்தது. பத்திரங்கள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. கேள்விப்பத்திரம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, பொறியியலாளரின் சான்றிதழும் இருந்தது. கணக்காய்வாளர் வேறெதனைக் கேட்பார்?

2014 மார்ச்சிலே 'கார் கழுவல்' என்ற பெயருடன் தொடங்கிய பொலிஸ் விசாரணையில் முன்னாட் பணிப்பாளர் ஒருவரும் நாணயமாற்றுத் தரகர் ஒருவரும் கைதாகி, நடந்ததை ஒப்புக்கொண்டனர். அதன் பின்னரே கணக்காய்வாளரின் பேனா தயங்கியது. அவ்வாண்டின் மூன்றாங் காலாண்டுக் கணக்கிற் கையொப்பமிட அவர்கள் மறுத்தனர். 2015 ஜனவரியிலே, கணக்காய்வு செய்யப்படாத அறிக்கையொன்றைக் கம்பனி வெளியிட்டது. சொத்துக்கள் சிலவற்றின் பதிவேட்டுப் பெறுமதிக்கும் உண்மைப் பெறுமதிக்கும் இடையே 8,860 கோடி ரெயால் வித்தியாசம் இருக்கக்கூடும் என்ற கணிப்பும் அதிலே கூறப்பட்டது. ஆனால், அதனைக் கணக்கிற் சேர்க்கப் பணிப்பாளர் சபை உடன்படவில்லை. ஊழல், எண்ணெய் விலை, நாணய மாற்று வீதம், திட்டமிடற் பிழை என்பவை யாவும் அத்தொகையிற் கலந்துள்ளன, பிரித்துக் காட்ட முடியாது என்பதே கூறப்பட்ட காரணம். கம்பனியின் தலைமை நிருவாகி அடுத்த மாதமே பதவி துறந்தார்.

2015 ஏப்ரில் 22ஆந் திகதி வெளியான 2014ஆம் ஆண்டுக் கணக்கு, வணிகம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் வரி வரியாக வாசிக்க வேண்டிய பத்திரமாகும். சொத்துக்களின் கிரயத்திலே தவறாகச் சேர்க்கப்பட்ட இலஞ்சம் என 619 கோடி ரெயாலுக்குச் சற்று மேற்பட்ட தொகை கழித்தெழுதப்பட்டது. இத்தொகை எவ்வாறு கணிக்கப்பட்டது? எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு மிகையாகச் செலுத்தப்பட்டது என்பதைத் தன் ஏடுகளிலிருந்து அறிய இயலவில்லை எனக் கம்பனியே ஒப்புக்கொண்டது. ஆகவே, குற்றத்தை ஒப்புக்கொண்டோர் விசாரணையில் அளித்த வாக்குமூலங்களிலிருந்து 3 வீதம் என்ற அளவு எடுக்கப்பட்டு, 2004 முதல் 2012 ஏப்ரில் வரையான காலத்தில் 27 கம்பனிகளுடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தங்களின்மீது பிரயோகிக்கப்பட்டது. உலகின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பனிகளுள் ஒன்று, தன் பொறியியலாளரும் கணக்காளரும் கணக்காய்வாளரும் சொல்ல முடியாத விகிதத்தை, தன்னைக் கொள்ளையிட்டோரிடம் கேட்டறிந்து ஐந்தொகையிற் பதிந்தது! நவீன கணக்கியலின் வரலாற்றில் இதனினும் அவமானகரமான அடிக்குறிப்பு எழுதப்பட்டிருக்குமோ தெரியாது.

எனினும், அவ்வறிக்கையின் ஆழமான பாடம் அவ்விலக்கத்தில் இல்லை; அதன் அருகே நிற்கும் வேறோர் இலக்கத்தில் உள்ளது. அதே கணக்கிற் சொத்துக்களின் பெறுமதி வீழ்ச்சியெனக் கழிக்கப்பட்ட தொகை 4,460 கோடி ரெயால். இலஞ்சத்தைப் போல ஏழு மடங்கு. இதற்குத் தரப்பட்ட பெயரோ சந்தைநிலை மாற்றம், திட்டங்களின் ஒத்திவைப்பு, எதிர்பார்ப்புக் குறைவு என்பன. எண்ணெய் விலை அக்காலத்தில் வீழ்ந்தது மெய்யே. ஆயின், வடகிழக்குப் பிரேசிலில் அமைந்த அப்ரேயு-இ-லிமா சுத்திகரிப்பாலையை எடுத்துக்கொள்க. தொடக்கத்தில் ஏறத்தாழ 250 கோடி டொலரில் முடியும் எனக் கூறப்பட்ட அவ்வாலையின் செலவு காலப்போக்கில் 1,800 கோடி டொலரையுந் தாண்டிற்று. மதிப்பீடு ஏழு மடங்காவதை எண்ணெய்ச் சந்தை தீர்மானிக்கவில்லை. ஒப்பந்தம் பெருக்கப் பெருக்க நூற்றுக்கு மூன்று வளரும் என்ற நிலையிலே, ஆலை தேவையா, எங்கே தேவை, எவ்வளவு பெரிதாகத் தேவை என்ற வினாக்களுக்கு நேர்மையான விடை கிடைப்பதெங்ஙனம்? இலஞ்சமாகப் போனது மூன்று வீதம். அந்த மூன்று வீதத்துக்காகக் கட்டப்பட்டது நூறு வீதம். கணக்கியல் நியமங்கள் முன்னையதை மாத்திரமே ஊழல் எனப் பெயரிட்டன. பின்னையது 'சந்தை' என்ற பெயரிலே புதைக்கப்பட்டது.

இவ்விசாரணையின் நீதித்துறைப் பகுதி பின்னர் பெருஞ் சர்ச்சைக்குள்ளானதையும் குறிப்பிடாமல் விடுதல் நேர்மையாகாது. நீதிபதி பக்கஞ் சார்ந்தார் எனப் பிரேசிலின் உச்ச நீதிமன்றமே 2021இற் கண்டது. தண்டனைகள் பல நீக்கப்பட்டன. அரசியற் பழிவாங்கலுக்கு ஊழல் விசாரணை கருவியாதல் வளர்முக நாடுகளிற் புதிதன்று. எனினும், கம்பனி தன் கைப்பட எழுதிய கழிப்பு எந்த நீதிமன்றத்தாலும் நீக்கப்படவில்லை. யார் குற்றவாளி என்பது மாறலாம்; ஆலையின் கிரயத்தில் இலஞ்சம் இருந்தது என்பது மாறவில்லை. ரியோ டி ஜனைரோ மாநிலத்தின் இட்டபொராயிப் பகுதியிலே, பாதியில் நின்ற பெற்றோலிய இரசாயனத் தொகுதியிலிருந்து வேலையிழந்து வெளியேறிய ஆயிரக்கணக்கான தொழிலாளருக்கு அக்கழிப்பு ஓர் இலக்கமாக இருந்ததில்லை.

இங்கே ஒரு சாரார் குறுக்கிட்டு, இவையெல்லாம் பின்தங்கிய நாடுகளின் பண்பாட்டிலே ஊறிய பழக்கங்கள், உறவும் சலுகையும் கொண்டு இயங்கும் சமூகங்களில் இவ்வாறுதான் நிகழும் என்பர். மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து இறக்குமதியான இவ்வாதத்தை உள்ளூர்ப் புலமையாளர் சிலரும் பக்தியுடன் ஏந்தி நிற்பதே வேடிக்கை. ஜேர்மனியின் வரிச் சட்டம் அயல்நாட்டு உத்தியோகத்தருக்குக் கொடுக்கப்படும் இலஞ்சத்தைப் 'பயன்தருஞ் செலவு' என்ற பெயரிலே வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்க 1999 வரை அனுமதித்திருந்தது. இது எப்பண்பாட்டின் பழக்கம்? அந்நாட்டின் சீமென்ஸ் கம்பனி, ஆர்ஜென்ரீனா, வெனிசுவேலா, வங்காளதேசம் முதலிய நாடுகளிற் கொடுத்த இலஞ்சங்களுக்காக 2008இல் அமெரிக்காவுக்கும் ஜேர்மனிக்கும் ஏறத்தாழ 160 கோடி டொலர் தண்டஞ் செலுத்திற்று. அமெரிக்காவிலோ, 1970களின் நடுப்பகுதியில் 400இற்கும் மேற்பட்ட கம்பனிகள் இத்தகைய கொடுப்பனவுகளைத் தாமே ஒப்புக்கொண்டமையால்தான் 1977ஆம் ஆண்டின் அயல்நாட்டு ஊழற் சட்டம் பிறந்தது. அச்சட்டம் இலஞ்சத்தைத் தடைசெய்ததுடன் நில்லாது, ஏடுகளையும் பதிவுகளையும் உண்மையாக வைத்திருத்தல் வேண்டும் எனத் தனியாக விதித்தமை கூர்ந்து நோக்கத்தக்கது. இலஞ்சம் பேரேட்டிலேதான் ஒளிந்திருக்கும் என்பதை அதனை இயற்றியோர் நன்கறிந்திருந்தனர். கொடுப்போன் இன்றி வாங்குவோன் இல்லை. கொடுப்போனின் பேரேடு பெரும்பாலும் பாரிசிலும் மியூனிக்கிலும் ஹியூஸ்டனிலும் உள்ளது.

இலங்கை வாசகர் இதற்கு நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை. 2020 ஜனவரி 31ஆந் திகதி எயர்பஸ் விமானக் கம்பனி பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளுடன் இணக்கத்துக்கு வந்து, 360 கோடி யூரோவைத் தண்டமாகச் செலுத்த உடன்பட்டது. பிரித்தானிய நீதிமன்றத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விபரக்கூற்றிலே ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பற்றிய பகுதி ஒன்றுண்டு. ஆறு ஏ-330 விமானங்களையும் நான்கு ஏ-350 விமானங்களையும் வாங்கி, மேலும் நான்கை வாடகைக்குப் பெறுவது தொடர்பில், விமானசேவையின் நிருவாகி ஒருவரின் மனைவிக்கு 1 கோடியே 68 இலட்சம் டொலர் வரை கொடுக்க எயர்பஸ் ஊழியர் முன்வந்தனர். அதில் 20 இலட்சம் டொலர் அவரது கம்பனியூடாகச் செலுத்தவும்பட்டது. பிரித்தானிய ஏற்றுமதிக் கடனுறுதி நிறுவனத்திடம் அப்பெண்மணியின் பெயர் மாத்திரமன்றி, அவர் ஆணா பெண்ணா என்பதுங்கூட மறைக்கப்பட்டதென அக்கூற்றுச் சொல்கின்றது.

இக்கொடுக்கல் வாங்கல் எந்தக் கணக்கிற் பதியப்பட்டது? எயர்பஸ்ஸின் ஏட்டிலே, அது சந்தைப்படுத்தற் பங்காளி ஒருவருக்கான கட்டணம். ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸின் ஏட்டிலே அது எங்குமே இல்லை. அங்கே விமானத்தின் விலை உண்டு, வாடகை உண்டு, கடன் உண்டு, நட்டம் உண்டு. வாங்கிய நாட்டின் கணக்காய்வாளர் அதிபதி, சபைக்கூட்ட அறிக்கைகளை வரி வரியாக வாசித்திருந்தாலும் பாரிசிலிருந்து வேறொரு கம்பனிக்குச் சென்ற பணத்தைக் கண்டிருக்க முடியாது. பெற்றோபிராஸில் இலஞ்சம் சொத்தாகியது; இங்கே அது விலையிற் கரைந்தது. 2016இல் ஏ-350 வாடகை ஒப்பந்தங்களிலிருந்து விலகுவதற்கு விமானசேவை பெருந்தொகை நட்டஈடு செலுத்த வேண்டியதாயிற்று. அதுவும் கணக்கிலே செம்மையாகப் பதியப்பட்ட செலவினமே. 2019இல் அது வெளியிட்ட 17.5 கோடி டொலர் முறிக்கு அரசாங்கம் உத்தரவாதம் அளித்தது. அதாவது, விமானத்தில் ஒருநாளும் ஏறியிராத பொத்துவில் விவசாயியும் அதற்குப் பிணையாளியானார்.

இனிக் கணக்காய்வாளர் பக்கம் திரும்பலாம். கணக்காய்வாளரைத் தெரிவுசெய்வோர், பெயரளவிலே பங்குதாரர். உண்மையில், பரிசோதிக்கப்படவேண்டிய பணிப்பாளரே. கட்டணத்தை நிர்ணயிப்போரும் அவரே. மலேசியாவின் 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டுக் கம்பனியிலே இது நாடகம்போல் அரங்கேறியது. முதலாவது நிறுவனம் எந்தக் கணக்கிலும் கையொப்பமிடாமலே விலக்கப்பட்டது. இரண்டாவது நிறுவனம் மூன்றாண்டுக் கணக்குகளுக்குச் சான்றளித்து, கேமன் தீவில் உள்ளதாகக் கூறப்பட்ட 230 கோடி டொலர் முதலீட்டுக்கு ஆதாரங் கேட்டபோது விலக்கப்பட்டது. மூன்றாவது நிறுவனம் வந்தது, கையொப்பமிட்டது, 2016இல், அவ்வறிக்கைகளை நம்ப வேண்டாம் எனவும் அறிவித்தது. அந்த 230 கோடியின் வரலாறு சுவையானது. முதலிற் கூட்டு முயற்சியில் ஒரு பங்கு. பின்னர் கடன் பத்திரம். பின்னர் வேறொரு கம்பனியின் பங்கு. இறுதியில் கேமன் நிதியத்தின் 'அலகுகள்'. பணம் எங்கோ போய்விட்டது. ஐந்தொகையில் அதன் பெயர் மாத்திரம் ஆண்டுக்காண்டு மறுபிறவி எடுத்தது. 2009 தொடக்கம் 2015 வரை 450 கோடி டொலருக்கு மேல் கையாடப்பட்டதென அமெரிக்க நீதித் திணைக்களம் கூறிற்று. மலேசியக் கணக்காய்வாளர் அதிபதி இதுபற்றித் தயாரித்த அறிக்கை 2016இல் அரச இரகசியங்கள் சட்டத்தின் கீழ் இரகசியமாக்கப்பட்டது. 2018இல் ஆட்சி மாறிய பின்னரே அது மக்கள் கண்ணிற் பட்டது. நியமங்களில் எது குறைந்திருந்தது? ஒன்றுமில்லை. கேட்கும் கணக்காய்வாளரை அகற்றும் அதிகாரம், கேட்கப்படவேண்டியவரின் கையில் இருந்தது, அவ்வளவே.

தனியார் துறை தூயதென்ற மாயையும் நீங்குதல் நன்று. இந்தியாவின் சத்தியம் கம்பனியின் தலைவர், ஐந்தொகையிலிருந்த காசிலும் வங்கி மீதியிலும் 5,040 கோடி ரூபா வெறும் கற்பனையே என 2009 ஜனவரி 7ஆந் திகதி கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். சில மாதங்களின் முன்னர்தான் கம்பனி நல்லாட்சிக்கான விருதொன்றை அக்கம்பனி பெற்றிருந்தது. வங்கிகளிடம் நேரில் உறுதிப்படுத்திக் கேட்கவேண்டிய மீதிகளை, கம்பனி நிருவாகத்தின் கையினூடாகவே கணக்காய்வாளர் பெற்று வந்தனர்.

இலங்கை நியமங்களிற் பின்தங்கிய நாடன்று. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு நியமங்களுக்குச் சட்டவலு அளித்தது. அவற்றின் அனுசரிப்பைக் கண்காணிக்க ஒரு சபையையும் நிறுவியது. 2012 ஜனவரி முதல் சர்வதேச நியமங்களுடன் ஒருங்கிணைந்த நியமங்கள் நடைமுறையிலுள்ளன. மூன்று ஆண்டுகள் கழித்து, 2015 பெப்ரவரி 27ஆந் திகதி, மத்திய வங்கி 100 கோடி ரூபாவுக்கென ஏலத்தில் விட்ட திறைசேரி முறிகளில் 1,000 கோடிக்கு மேற்பட்ட விலைக்கோரல்களை ஏற்றுக்கொண்டது. பின்னர் அம்முறிகளில் ஒரு பகுதி இரண்டாந்தரச் சந்தையின் வழியே ஊழியர் சேமலாப நிதியைச் சென்றடைந்ததையும், இடையிலே பெருந்தொகை இலாபம் ஈட்டப்பட்டதையும் சனாதிபதி ஆணைக்குழு 2017 இறுதியில் அறிக்கையிட்டது. இடையிலிருந்தோனின் கணக்கில் அது வியாபார இலாபம். நிதியின் கணக்கில் அது அரசாங்கப் பிணைகளில் இட்ட முதலீடு. இரண்டும் நியமங்களுக்கு அமைவானவை. கொழுந்துக் கூடையைத் தலையிற் சுமக்கும் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்படும் பணம், தேவைக்கு மிஞ்சிய விலைக்கு முறி வாங்கியது என்பதைச் சொல்வதற்கு அவ்விரு கணக்குகளிலும் ஒரு நிரலுங் கிடையாது. ஆணைக்குழு இதனைக் கண்டறிந்தது ஐந்தொகையிலிருந்தன்று. தொலைபேசி உரையாடற் பதிவுகளிலிருந்தும் சாட்சிகளிலிருந்துமே.

சாமுவேல் ஹண்டிங்டன் போன்ற அறிஞர், ஊழல் இறுகிய நிருவாக இயந்திரத்துக்கு எண்ணெய் போன்றது, வளர்ச்சிக்கு அது உதவவுங்கூடும் என 1960களில் எழுதினர். இன்றும் அதனை மேற்கோள் காட்டுவோர் உளர். அவர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றே: எண்ணெயாயின், எண்ணெய் எனவே கணக்கில் எழுதலாமே? ஏன் ஒருவரும் எழுதுவதில்லை?

நியமங்கள் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. நியமம் கேட்கும் வினா போதாது என்பதே வாதம். 'செலுத்தப்பட்ட தொகை சரியாகப் பதியப்பட்டுள்ளதா?' என்று நியமம் கேட்கின்றது. 'அத்தொகை ஏன் செலுத்தப்பட்டது? யாருக்கு?' என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டதாகிவிடுகின்றது. பொதுப்பணத்தில் இயங்கும் கூட்டுத்தாபனங்களையும் அரசாங்கக் கம்பனிகளையும் பொறுத்தவரையிலேனும் இவ்வெல்லை தகர்க்கப்படல் வேண்டும். ஒவ்வொரு பாரிய திட்டத்துக்கும் முதல் மதிப்பீடு எவ்வளவு, இறுதிக் கிரயம் எவ்வளவு, இடையில் ஏற்பட்ட ஒவ்வோர் அதிகரிப்பையும் அங்கீகரித்தவர் யார் என்பன கணக்குடன் சேர்த்து வெளியிடப்படின், அப்ரேயு-இ-லிமா ஏழு மடங்காகும்வரை ஒரு நாடு காத்திருக்க வேண்டியிராது. விற்போன் எந்த முகவருக்கு எவ்வளவு கொடுத்தான், அம்முகவர் நிறுவனத்தின் மெய்யான உரிமையாளர் யார் என்பதைக் கேள்விப்பத்திரத்துடனேயே வெளிப்படுத்துமாறு வாங்கும் நாடு நிபந்தனை விதித்தல் வேண்டும். வியாபார இரகசியம் என்று கூக்குரல் எழும். எண்ணெய், கனிய அகழ்வுக் கம்பனிகள் அரசாங்கங்களுக்குச் செலுத்தும் தொகைகளை வெளியிடும் ஏற்பாடு 2003 முதல் பல நாடுகளில் வழக்கில் உள்ளது; அதனால் எண்ணெய் வியாபாரம் எங்கும் நின்றுவிடவில்லை.

இலங்கையின் சட்டப் புத்தகத்திலே கருவிகள் சில உள்ளன. தவறான கொடுப்பனவுக்குப் பொறுப்பானவரிடமிருந்தே நட்டத்தை அறவிட 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வழிசெய்கின்றது. தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கிற்று 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம். கோப் குழு 1979 முதல் கூட்டுத்தாபனங்களை விசாரித்து வருகின்றது; அதன் அறிக்கைகள் பத்திரிகைத் தலைப்புகளாகி, மறுவாரம் மளிகைக்கடைச் சுருள்களாகின்றன. கருவியின்மை அன்று, கருவியை எடுக்கும் கையின்மையே குறை. அக்கையை ஆளும் வர்க்கம் தானாக நீட்டப் போவதில்லை. சேமலாப நிதியின் அங்கத்தவரும் தொழிற்சங்கங்களும் தமது நிதியின் கணக்கறிக்கையை வாசிக்கப் பழகி, ஒவ்வொரு முதலீட்டின் கொள்விலையையும் அன்றைய சந்தை விலையையும் அருகருகே காட்டுமாறு கேட்கத் தொடங்கும்போதுதான் அது நீளும்.

பெற்றோபிராஸ் 2018 செப்டெம்பரில் அமெரிக்க அதிகாரிகளுடன் செய்துகொண்ட இணக்கத்தின்படி செலுத்த நேர்ந்த 85 கோடி டொலரில் நூற்றுக்கு எண்பது பங்கு பிரேசிலுக்கே சேரவேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது. எயர்பஸ் செலுத்திய 360 கோடி யூரோ, விமானம் விற்ற நாடுகளும் அவற்றின் நட்பு நாடுமான மூன்றின் திறைசேரிகளுக்கே சென்றது. விமானங்களை வாங்கிய நாட்டின் பெயர் அத்தண்டப் பங்கீட்டில் இல்லை.